பக்கத்து டேபிளுக்கு வராத படகு

கருத்தம்மாவைப் பற்றிப் பேப்பரில் நாலு வரி வந்தது. "திருப்பூரைச் சேர்ந்த தனியார் நிறுவனப் பெண் ஊழியரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை" என்று நிறுவனத் தரப்பில் சொன்னதாகப் போட்டிருந்தார்கள். கவனக்குறைவாம்! பதினெட்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து டேபிளில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அந்த வார்த்தையைப் பார்த்ததும் பேப்பரைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து, கசங்கலை நீவி, இன்னொரு தரம் படித்தேன். நாலே வரிதான். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

அவள் ராமநாதபுரம் கடற்கரைக்காரி. கடலுக்குப் போன அப்பன் திரும்பி வராத வருஷம், பத்தொன்பது வயதில், ஒரு கட்டைப் பையோடு திருப்பூருக்கு பஸ் ஏறினாள். ஊரில் சித்தி வீட்டில் பத்து வயதுத் தம்பி சோணைமுத்து. கல்யாணம் பண்ணிக்கொள் என்று யார் சொன்னாலும், "தம்பி ஒரு படகு வாங்கிரட்டும்" என்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். படகும் வந்தது. அதில் பாதி அவளுடைய ஓவர்டைம்.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு பேரும் செக்கிங். நான் சோமனூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பேர் சண்முகப்பிரியா. அவள் பதினேழாம் நம்பர், நான் பதினெட்டாம் நம்பர். தைத்து வந்த பீஸை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, கழுத்தில் ஆரம்பித்து அடி மடிப்பு வரைக்கும் கண்ணால் மேய வேண்டும். ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஒரு கை ஒரு நிறமும் மறு கை வேறு நிறமுமாக இருப்பது, எதுவும் தப்பக் கூடாது. நல்லதென்றால் பாஸ், கெட்டதென்றால் ரிஜெக்ட். இரண்டிலும் சேராமல் மனசுக்கு இடறினால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிப் பக்கத்து டேபிளுக்குத் தள்ள வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டுவது குற்றம் சொல்வது கிடையாது. என் ஒருத்தி கண் போதாது, நீயும் ஒரு தடவை பார் என்று கேட்பது. அப்படி வருகிறவற்றில் முக்கால்வாசி பாஸ் ஆகிவிடும்.

இதில் எழுதி வைக்காத சட்டம் ஒன்றும் உண்டு. சொந்தக்காரர் தைத்த பீஸை நாமே பாஸ் போடக் கூடாது. திருப்பூரில் புருஷன் பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பான், பெண்டாட்டி செக்கிங்கில் இருப்பாள். வீட்டு ஆள் தைத்தது என்றால் கண் ஒன்று தானாக மூடிக்கொள்ளும், அல்லது வீம்புக்குக் கூடுதலாகத் திறக்கும். எப்படியும் பார்வை சரியாக இருக்காது. அதனால் பீஸ் பளபளவென்று இருந்தாலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அடுத்தவளுக்கு. என் வீட்டுக்காரர் தைத்ததெல்லாம் கருத்தம்மாவிடம் போகும். ஒரு தடவை ஒரு கட்டு முழுவதையும், பிரித்துத் தைக்கச் சொல்லி ஆல்ட்டருக்குத் திருப்பிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை பேச்சு. மறுநாள் காலையில் அவளிடம் சண்டைக்குப் போனேன்.

"தையல் இழுத்துருக்குக்கா. நீயே பாரு" என்று பீஸை என் முன்னால் விரித்தாள்.

பார்த்தேன். இழுத்துத்தான் இருந்தது. என் டேபிளுக்குத் திரும்பி வந்தேன். இவளைத்தான் கவனக்குறைவு என்கிறார்கள்.

போன வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் நாலாகி, நாலு மூன்றாகி, கடைசியில் செக்கிங் டேபிள்களை மடித்துச் சுவரில் சாத்திவிட்டார்கள். முதலாளியின் தங்கை மகன் வேல்குமார், இன்ஜினியரிங் படித்த பையன், எங்களை மாடிக்குக் கூப்பிட்டான். துணி குடோனாக இருந்த இடத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து, ஏசி போட்டு, இருபது கம்ப்யூட்டர் வைத்திருந்தான்.

"துணியில ஊசி ஓட்டை கண்டுபிடிக்கறவிங்களுக்குத் தண்ணியில படகு கண்டுபிடிக்கறது கஷ்டமுங்களா அக்கா?" என்றான்.

வேலை இதுதான். கடலுக்கு மேலே ட்ரோன் பறந்து படம் எடுக்கிறது. படத்தில் படகு இருந்தால் அதைச் சுற்றிப் பெட்டி போட வேண்டும். மீன்பிடிப் படகு, கப்பல், ஒன்றுமில்லை, டவுட் என்று நாலு பொத்தான். பெரிய கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைத் தாமே சிக்னலாக அனுப்பிக்கொண்டிருக்கும். அது படத்தின் ஓரத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். சின்னப் படகுகளுக்கு அந்தக் கருவி கிடையாது, புள்ளியும் கிடையாது. நாங்கள் போடும் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து மெஷின் தானே படகுகளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும் என்றான். சந்தேகமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "டவுட்டுன்னா டவுட் போட்டுருங்க, அடுத்து பாக்கறதுக்கு ஆள் இருக்குதுங்க" என்றான். எங்களுக்கு அது புது விஷயமே இல்லை. சிவப்பு ஸ்டிக்கர்தானே! முதல் மாதம் அப்படித்தான் நடந்தது. அவள் டவுட் போட்ட படம் என் திரைக்கு வரும், நான் போட்டது அவளுக்குப் போகும். நம்பரைக்கூட மாற்றவில்லை. அவள் பதினேழு, நான் பதினெட்டு.

எந்தக் கடல், யாருக்கு வேண்டி என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. "நமக்கு மேல ஒரு கம்பெனி, அதுக்கு மேல ஒரு கம்பெனிங்க்கா. ஜாப் ஒர்க்தானுங்க நம்முளுது" என்பான். பனியனுக்காவது கழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். எந்த நாட்டுக்காரன் போடப்போகிறான் என்று தெரியும். இதில் அதுவும் கிடையாது. ஆனால் கருத்தம்மாவுக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. தண்ணீருக்கு அடியில் நீளமாக வெளுத்துத் தெரிந்த மணல் திட்டைக் காட்டி, "இது எங்க கடலுக்கா" என்றாள். இரண்டு நாட்டுக்காரர்களும் எனக்கு உனக்கு என்று இழுத்துக்கொண்டிருக்கிற கடல். அதில் ஒரு கோடு இருக்கிறதாம். தண்ணீரில் போட்ட கோடு. அதைத் தாண்டினால் பிடித்துக்கொண்டு போவார்களாம். அவளுக்கு அந்த நாட்களில் பெருமை தாங்கவில்லை. வலை போட்டிருக்கும் படகு எது, சும்மா நிற்பது எது, மிதவை எது, கடற்பறவை எது என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் ஊரைப் பற்றி அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை. பதினோரு மணி டீக்குக் கொஞ்சம் முன்னால் அவள் நாற்காலி கிறீச்சிட்டது. டீக்கடையில் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எக்கா, தம்பி படகு வந்துச்சுக்கா!"

"உனக்கெப்புடிப் புள்ள தெரியும்? அத்தன ஒசரத்துல இருந்து எல்லாப் படகும் ஒண்ணாட்டத்தான இருக்குது."

"நம்ம கிளிப்பச்சைத் துணிக்கா. மேல பந்தல் மாதிரி கட்டிருக்கான்."

எனக்கும் உடனே ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் விளையாட்டு டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று. சாயம் ஒரு சொட்டு கூடிப்போய், வாங்குகிறவன் கேட்ட பச்சை இல்லாமல் கண்ணைக் குத்துகிற கிளிப்பச்சையாக வந்துவிட்டது. நானும் அவளுமாக அந்த லாட்டையே ரிஜெக்ட் செய்தோம். துணியை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் தன் பங்கைத் தம்பிக்கு அனுப்பினாள், படகில் வெயிலுக்குக் கட்டிக்கொள் என்று. அந்தப் பச்சை உலகத்தில் வேறு எங்கேயும் இருக்காது.

"மீன்பிடிப் படகுன்னு பாஸ் போட்டுட்டியா?"

"எப்பிடிக்கா போடுறது? கூடப் பொறந்தவன்ல. டவுட் போட்டு விட்டுருக்கேன். ஒனக்குத்தான் வரும். கழுத்துல இருந்து நல்லாப் பாத்துப் பாஸ் போட்டுவிடு."

"படகுக்கு ஏது புள்ள கழுத்து?" என்றேன். இரண்டு பேரும் டீ சிந்தச் சிந்தச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மத்தியானம் வரைக்கும் பச்சைப் படகுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த மாதம் பிறந்ததிலிருந்தே அவள் டவுட் போட்ட படம் ஒன்றுகூட என் திரைக்கு வரவில்லை. வேறு யாருக்காவது போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. படகுக்காரர் சங்கத்து லிங்கசாமி பேசினார். முந்தின நாள் பன்னிரண்டரை மணிக்கு எதிர்க்கரை நாட்டுக் காவல் படகு வந்து சோணைமுத்துவையும் கூட இருந்த மூன்று பேரையும் படகோடு பிடித்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய்விட்டது. கோட்டைத் தாண்டி மீன் பிடித்ததாக வழக்கு. இன்ஜின் நின்றுபோய் நீரோட்டம் இழுத்துப் போய்விட்டது, சரிபண்ணித் திரும்பிக்கொண்டிருந்தோம் என்று அவன் சொன்னானாம். காவல் படகு வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் நம்பவில்லை. வேண்டுமென்றே போனதாகத் தீர்ப்பானால் நாலு பேருக்கும் ஜெயில், படகும் திரும்பாது.

அப்போதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. நாங்கள் பார்ப்பது பழைய படம் என்றுதானே நினைத்திருந்தோம்! ஐந்தாம் நாள் லிங்கசாமி வழக்குக் காகிதத்தை அவள் போனுக்கு அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். கிளிப்பச்சைப் பந்தல், அதைச் சுற்றிச் சிவப்புப் பெட்டி. கீழே வியாழக்கிழமைத் தேதி, காலை பத்து நாற்பத்திரண்டு என்று நேரம். அதற்குப் பக்கத்தில் திருப்பூரைக் குறிக்கும் மூன்று இங்கிலீஷ் எழுத்தும் பதினேழு என்ற நம்பரும். பெட்டியைப் போட்டவளின் நம்பர்.

அவள் அழவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு வயித்துல பொறந்தவனை நானே காட்டிக் குடுத்துட்டேனேக்கா" என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக வேல்குமாரின் கண்ணாடி அறைக்குள் போனேன்.

"வாங்க்கா, உக்காருங்க" என்று எழுந்து நின்றான். டீ சொல்லிவிட்டான்.

"டீ கெடக்குதுங் தம்பி. டவுட் போட்ட படம் என்ற டேபிளுக்கு வரோணுமில்லீங்க? ஏன் வரலீங்க?"

"அது ட்ரெயினிங் அப்பங்க்கா. ஒண்ணாந்தேதியில இருந்து லைவ் போயிட்டமுங்க. இப்ப டவுட்டுன்னா சந்தேகப் படகுன்னு நேரா அலர்ட் போயிருமுங்க. ரெண்டாவது பார்வைன்னா நேரமாகுதுன்னு மேல எடுத்துட்டாங்க."

"எங்ககிட்டச் சொன்னீங்களா?"

"எல்லார்த்துக்கும் மெயில் வந்திருக்குமேங்க்கா."

மெயில்! இருபது பேரில் மெயில் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதுவும் இங்கிலீஷ் மெயில். ஊசி நம்பர் மாற்றினால்கூட சூப்பர்வைசர் டேபிள் டேபிளாக வந்து சொல்கிற ஊர் இது. மனிதனைப் பிடிக்கிற பொத்தானை மாற்றினதை மெயிலில் போட்டார்களாம்.

"சரிங், அந்த டவுட்டத் திருப்பி எடுத்து மறுக்காப் பாக்கச் சொல்லுங்க."

"போன டேட்டா போனதுதானுங்க்கா. ஆல்ட்டருக்கு அனுப்பறதுக்கு இதென்ன டீ-ஷர்ட்டுங்களா?"

கருத்தம்மா என்னைத் தாண்டி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். "ஒரு பனியனுக்கு ரெண்டு பேரு பாக்குறோம்ல தம்பி? நாலு மனுசருக்கு ஒருத்தி பாத்தாப் போதும்னு யாரு சொன்னது?"

அவன் மேசை டிராயரைத் திறந்து, சேர்ந்த அன்றைக்கு நாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து வைத்தான். "வெளிய பேசுனீங்கன்னா மேல இருக்கறவிங்க கேஸ் போட்டுருவாங்கங்க்கா. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்" என்றான். அத்தனையும் பணிவோடு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு. எங்கள் ஊர் மரியாதையின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான். கத்தியிருந்தால்கூடத் திருப்பிக் கத்தியிருப்பேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. தொடாமல் வந்துவிட்டோம்.

வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் படத்த எனக்குக் குடு புள்ள" என்றேன்.

"எதுக்குக்கா?"

"என்ற டேபிளுக்கு வர வேண்டியது. நான் இன்னும் பாக்கவே இல்ல."

போனில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லிங்கசாமியிடம் சொல்லி, வக்கீலிடமிருந்து படத்தை முழு அளவில் வாங்கச் சொன்னோம். வந்ததும் காதர்பேட்டையில் பனியன் அட்டைப்பெட்டிக்குப் படம் போட்டுக் கொடுக்கும் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டோம். கடைக்காரரின் டேபிளிலேயே, அவருடைய டியூப் லைட்டுக்குக் கீழேயே விரித்தேன். கருத்தம்மாவை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். அவள் திரும்பி நின்றாள். அதுதானே எங்கள் சட்டம்!

மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். பச்சைப் பந்தல். பந்தலுக்கு வெளியே ஒரு ஆள் கையை நெற்றியில் வைத்து ட்ரோனை அண்ணாந்து பார்க்கிறான். வலை தண்ணீரில் இல்லை, முன்பக்கம் சுருட்டிக் குவித்துக் கிடக்கிறது. நடுவில் இன்ஜின் பெட்டி. அதன் மூடி கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறது. இரண்டு பேர் உள்ளே குனிந்திருக்கிறார்கள், முதுகு மட்டும் தெரிகிறது. பலகையில் சாமான்கள் வரிசையாகப் பரப்பி இருக்கின்றன, ஸ்பேனராகத்தான் இருக்க வேண்டும். படகுக்குப் பின்னால் நுரை இல்லை. ஓடுகிற படகுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு இழுத்திருக்கும், அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே கருத்தம்மாதான். இதில் இல்லை. படகு நின்றுபோய் மிதந்துகொண்டிருந்தது. சோணைமுத்து சொன்னது அச்சு அசல் உண்மை.

"இன்ஜின் மூடி தொறந்து கெடக்குது புள்ள" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பச்சையைப் பாத்ததும் எனக்கு வேற எதுவுமே தெரியலக்கா" என்றாள். பிறகுதான் அழுதாள். பிரஸ்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நல்ல மனிதர்.

அன்றைக்கே நோட்டரியிடம் போனோம். கையெழுத்துப் போட்டால் வேலை போகும், கேஸும் வரலாம் என்று வாசலிலேயே நின்று ஒரு தடவை அவளிடம் சொன்னேன். "நீ வேணாம்க்கா, ஒனக்கு ஊடு வாசல் இருக்கு, நான் மட்டும் போடுறேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைத் தள்ளிக்கொண்டு நான் முதலில் உள்ளே போனேன்.

இரண்டு காகிதம். அவளுடையதில், பதினேழாம் நம்பர் நான்தான், அந்தப் படகு என் தம்பியுடையது, டவுட் போட்டது குற்றம் கண்டதால் இல்லை, சொந்தக்காரி என்பதால் வேறொருத்தி பார்க்கட்டும் என்று போட்டது, இரண்டாவது பார்வையை எடுத்துவிட்டதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுதினாள். என்னுடையதில், படத்தில் நான் கண்டதை வரிசையாக எழுதினேன். அடியில் என்ன போடுவது என்று டைப் அடிக்கிற பெண் கேட்டாள். 'பார்த்தேன். பாஸ். செக்கிங் நம்பர் 18' என்று போடச் சொன்னேன். அவள் நோட்டரியைப் பார்த்தாள். அவர், அடிம்மா என்றார்.

மறுவாரமே இரண்டு பேருக்கும் வேலை போனது. அதற்கடுத்த வாரம் அந்த நாலு வரி பேப்பரில் வந்தது. எங்கள் காகிதத்தைப் படத்தோடு சேர்த்துக் கோர்ட்டில் கொடுத்துவிட்டதாகவும், பதினாலாம் தேதி வாய்தா என்றும் லிங்கசாமி சொல்கிறார். சோணைமுத்து இன்னும் உள்ளேதான் இருக்கிறான். இன்றோடு இருபத்தாறு நாள். கருத்தம்மா இப்போது வேறு ஒரு கம்பெனியில் கைமடிக்குப் போகிறாள், டெய்லருக்குத் துணியை எடுத்து மடித்துக் கொடுக்கிற வேலை. செக்கிங் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டாள்.

இரண்டாவது பார்வை பார்த்தால் நேரமாகிறது என்று மேலே யாரோ எடுத்துவிட்டார்களாம். யார், எந்த ஊரில் உட்கார்ந்து எடுத்தார்கள் என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் காதர்பேட்டையில் பிரஸ்ஸின் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. படத்தை விரிப்பதற்கு முன்னாலும் பார்த்து முடித்த பின்னாலும் பழக்கதோஷத்தில் அதைப் பார்த்தேன். நாற்பது நொடி ஆகியிருந்தது.